ஒரே ஒரு 'கான்': லுக்கா, சீயா, வாட்ச்சா, ரீடா?

மாண்டரின் சீனத்தில் 'கான்' என்றால் பார்ப்பது. அதன் எழுத்திலேயே கண்ணுக்கு மேல் ஒரு கை இருக்கும். வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துத் தூரத்தில் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கும் கான், டிவிக்கும் கான், டாக்டருக்கும் கான். ஆங்கிலத்திலோ ஒவ்வொன்றுக்கும் வேறு வினை. ஆங்கிலம் கற்கும் சீனர், சொற்பட்டியலில் லுக், சீ, வாட்ச், ரீட் நாலுக்கும் நேரே 'கான்' என்று எழுதி மனப்பாடம் செய்தால், "ஐ சா எ புக் லாஸ்ட் நைட்" என்பார். கேட்பவருக்கு அது 'ஒரு புத்தகம் கண்ணில் பட்டது' என்றுதான் புரியும். 'படித்தேன்' என்ற பொருள் போய்விட்டது.

லுக், சீ இரண்டும்தான் அதிகம் குழப்பும். உண்மையில் குழம்பத் தேவையே இல்லை, மாண்டரினிலேயே அந்த வேறுபாடு உண்டு. 'கான்' என்பது முயற்சி. அதோடு 'ஜியென்' சேர்த்துக் 'கான்ஜியென்' என்றால் கண்ணில் பட்டாயிற்று. "கான் ல, மெய் கான்ஜியென்" என்பதை அப்படியே "ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் சீ இட்" ஆக்கலாம். நமக்கும் இது புதிதில்லை: "பார்த்தேன், தெரியவில்லை." காதுக்கும் இதே கணக்குதான்: 'திங்' என்றால் லிசன், 'திங்ஜியென்' என்றால் ஹியர். ஆகவே 'சீ'யைக் 'கான்' என்று குறித்துக்கொள்வதைவிடக் 'கான்ஜியென்' என்று குறித்துக்கொள்வதே சரி. 'நாளை சந்திப்போம்' என்பதற்குச் சீனர் சொல்லும் "மிங்தியென் ஜியென்" கூட "சீ யூ டுமாரோ"வோடு அச்சாகப் பொருந்துகிறது.

லுக்கில் தவறு வேறு இடத்தில் வரும். 'கான் ஹெய்பான்' என்றால் கரும்பலகையைப் பார். நடுவில் எதுவும் வேண்டாம். அதே பழக்கத்தில் "லுக் த பிளாக்போர்ட்" என்று வந்துவிடும். பொருள் பின்னால் வந்தால் 'அட்' கட்டாயம், வராவிட்டால் வெறும் "லுக்!" போதும். "யூ லுக் லைக் டயர்ட்" இன்னொரு வழக்கமான பிழை. 'லைக்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும். 'டயர்ட்' போன்ற உரிச்சொல் என்றால் "யூ லுக் டயர்ட்".

வாட்ச் என்பது அசைகிற, மாறுகிற ஒன்றைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்ப்பது. டிவி, மேட்ச், ஓடும் குழந்தை எல்லாம் இதில் சேரும். புகைப்படத்துக்கு வாட்ச் வராது, லுக் அட் தான். சினிமாவில் மட்டும் கோடு மங்கல்: தியேட்டருக்குப் போனால் சீ, வாட்ச் இரண்டும் சரி, வீட்டு சோஃபாவில் என்றால் பெரும்பாலும் வாட்ச். "ஐ ஆம் சீயிங் டிவி" எப்படியும் தவறு. "ஐ ஆம் சீயிங் ஹெர்" தவறில்லை, ஆனால் அது காதல் செய்தி ஆகிவிடும்.

மாண்டரின், தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) மாறினால் பொருள் மாறும் மொழி என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்க்கும் கான் மேலிருந்து சரியும் நான்காம் தொனி. அதே எழுத்தை உயரத்தில் சமமாக நிறுத்தி முதல் தொனியில் சொன்னால் காவல் காப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது. அதற்கு ஆங்கிலத்திலும் வாட்ச் பொருந்தும்: "வாட்ச் மை பேக்."

ரீட் எளிது. எழுத்தைப் படிப்பது என்றால் ரீட், அவ்வளவே. நோயாளி டாக்டரிடம் போவது சீ, வாட்ச் அல்ல. பாட்டியைப் போய்ப் பார்ப்பதும் சீ அல்லது விசிட். "லுக் மை கிராண்ட்மா" என்றால் பாட்டியை யாருக்கோ சுட்டிக்காட்டுவது போலிருக்கும். பேச்சைத் தொடங்கும் "வோ கான்" ('என் பார்வையில்') "ஐ சீ" ஆகாது. "ஐ சீ" என்றால் 'புரிகிறது'. அங்கே வேண்டியது "ஐ திங்க்".

கடைசியாக, தமிழர் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ஒன்று: "சாங்சாங் கான்" என்றால் 'சாப்பிட்டுப் பார்'. தமிழின் துணைவினை 'பார்' செய்யும் வேலையை அங்கே கான் செய்கிறது. ஆங்கிலத்தில் இந்த நாலு சொல்லில் ஒன்றும் இங்கே தேவையில்லை. "டிரை இட்" என்று கண்ணை விட்டுவிட வேண்டியதுதான்.