நாலு குளிர்காலமும் ஒரு கேனின் மூக்கும்

என்னிடம் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்று இருக்கிறது. போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஸ்னோமொபைலில் கூடுதல் பெட்ரோலுக்கு நீ என்னடா வைத்திருக்கிறாய்? அதையே நானும் வாங்கிவிடட்டுமா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியது. நான் அரை மணி நேரம் பேசினேன். அதில் 20 நிமிடம் கேனின் மூக்கைப் பற்றி, அதாவது பெட்ரோல் ஊற்றும் குழாயைப் பற்றி. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 15 லிட்டர் கெட்டி பிளாஸ்டிக் கேன். சீட்டுக்குப் பின்னால், டன்னல் (வண்டியை நகர்த்தும் ட்ராக் என்ற ரப்பர் பட்டையை மூடியிருக்கும் உலோகக் கூடு) மேலே இரண்டு கொக்கிகளில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். வண்டியின் சொந்த டேங்க் 36 லிட்டர். பனியை அழுத்தி வைத்த பாதையில் ஓட்டினால் 180 கிலோமீட்டர் போகும். புதுப்பனியில் இறங்கிவிட்டால் 100 தாண்டுவதே பெரிய விஷயம். ட்ராக் சுற்றுகிற சுற்றில் பாதி, பனியைத் தோண்டத்தான் செலவாகிறது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால், ஆழப்பனியில் 33 கிலோமீட்டரிலேயே திரும்பிவிட வேண்டும். கேன் வாங்கியது அதனால்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாலு குளிர்காலத்தில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. கொக்கி ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மேடு பள்ளத்தில் வண்டி எகிறி விழுந்திருக்கிறது, ஒரு முறை பக்கவாட்டில் கவிழ்ந்தும் இருக்கிறது. கேன் அப்படியே இருந்தது. பூட்டு அமைப்பைச் செய்தவர் பனியில் வண்டி ஓட்டியவர், சந்தேகமே இல்லை.

மூக்கைச் செய்தவர் ஓட்டாதவர். அதுவும் சந்தேகமில்லை.

அமெரிக்காவில் 2009 முதல் இந்த மாதிரி கேன்களில் ஆவி வெளியே போகக் கூடாது, ஊற்றாதபோது மூக்கு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று விதி. நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதற்காக வைத்த ஸ்பிரிங் மூக்கை, மைனஸ் 25 டிகிரியில், தடித்த கையுறையோடு ஒரு கையால் அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் 13 கிலோ கேனைச் சாய்த்துப் பாருங்கள். காற்று உள்ளே போகத் தனி வழி கிடையாது. 'களக்' என்று ஒரு மடக்கு, அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி ஒரு மடக்கு. மூன்றாவது மடக்கில் கை நழுவி மணிக்கட்டுக்குள் பெட்ரோல் ஓடும்.

இதை வெறும் எரிச்சல் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் அந்தக் குளிரிலும் உறையாது. காற்று மைனஸ் 25 என்றால் கேனுக்குள் இருப்பதும் அதே மைனஸ் 25தான், திரவமாகவே இருக்கும். அது தோலில் பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சும், ஆவியாகும்போது இன்னும் உறிஞ்சும். நொடிகளில் பனிக்கடி வந்துவிடும், அதாவது தோல் உறைந்துபோகும். முதல் வருடம் என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு வெளுத்து, பிறகு கொப்புளம் கண்டது. பெட்ரோலில் ஊறிய கையுறை அன்றைக்கு முழுக்கக் குளிரைத் தாங்காது, தீப்பொறி பக்கமும் போகக் கூடாது. இப்போது எண்ணெய்க்கு இளகாத நீளமான ரப்பர் கையுறை ஒரு ஜோடி, சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கிறது.

அப்புறம் மூடி. டன்னலுக்கு அடியில் எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் பலகை இருப்பதால் அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும். ட்ராக் வாரியிறைக்கும் பனித்தூள் அங்கே வந்து உருகும். வண்டியை நிறுத்தினால் மூடியைச் சுற்றி மறுபடி உறையும். கல் மாதிரி. முழங்காலில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் மூடியைக் கொத்திக்கொண்டிருந்த அந்த மாலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீர்வு மூன்றாம் வருடம் கிடைத்தது: பிளாஸ்டிக் குளியல் தொப்பி. மூடிக்கு மேல் மாட்டி, பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையத்தால் இறுக்கிவிட்டேன். கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மூடி உறையவில்லை.

1937இல் ஜெர்மன் ராணுவத்துக்காகச் செய்த 20 லிட்டர் இரும்பு ஜெர்ரி கேனை நினைத்தால் எனக்குக் கோபம் இன்னும் ஏறும். மூடியே நெம்புகோல் மாதிரி, தட்டினால் திறக்கும், கையுறையைக் கழற்ற வேண்டாம். காற்று உள்ளே போகக் கழுத்திலேயே ஒரு குழாய். கைப்பிடி மூன்று. பெட்ரோல் விரிந்தால் இடம் வேண்டுமே என்று மேலே ஒரு காற்றறை. அவ்வளவையும் அன்றைக்கே யோசித்துவிட்டார்கள்.

அந்த விரிவும் எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. கடுங்குளிரில் கழுத்துவரை நிரப்பிய கேனைச் சூடான கொட்டகைக்குள் கொண்டுவந்து வைத்தேன். 45 டிகிரி வித்தியாசத்தில் 15 லிட்டர், அரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். காலையில் கேன் தொப்பை போட்டு நின்றது. மூடியைத் திருகியதும் சீறியது. அன்றிலிருந்து 14க்கு மேல் நிரப்புவதில்லை. நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்புகிறேன்; நிலைமின்சாரம் தரையில் இறங்க வழி வேண்டும்.

நண்பன் பையைப் பற்றியும் கேட்டான். மடித்து வைக்கக்கூடிய பெட்ரோல் பை. ஒரு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். காலியானால் சுருட்டி வைக்கலாம், அது பெரிய சௌகரியம். ஆனால் பாதி காலியான பையைப் பிடித்து ஊற்றுவது தூங்கும் குழந்தைக்குச் சட்டை மாட்டுவது போல. உரசும் இடத்தில் தினமும் ஒரு கண் வைக்கவும் வேண்டும். எனக்குச் சரிப்படவில்லை.

இன்னொருவர் வண்டியில் துணை டேங்கைக் குழாய் போட்டே இணைத்திருக்கிறார். சொந்த டேங்கின் காற்றுக் குழாயில் துணை டேங்கின் குழாய் சேர்ந்திருக்கும். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே உண்டாகும் உறிஞ்சலில் பின்னாலிருந்து தானாக வரும். மூக்கே கிடையாது! பார்த்ததும் பொறாமையாக இருந்தது. ஆனால் டேங்க் மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். வாஷர் கொஞ்சம் விரிசல் விட்டால், அல்லது குழாயில் நுழைந்த ஈரம் உறைந்தால், பின்னால் இருப்பது வராது. வராததும் உடனே தெரியாது. என் கேன் எரிச்சல் மூட்டும், ஆனால் பொய் சொல்லாது.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 13 கிலோ பெரிதல்ல, ஆனால் அது வண்டியின் வால் நுனியில் இருக்கிறது. ஏற்றத்தில் முன்னால் இருக்கும் ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகை, லேசாகி, திருப்பினால் திரும்பாமல் யோசிக்கும். ஆழப்பனியில் பின்பக்கம் புதையும். அதனால் விளக்கு எரியும்வரை காத்திருக்காமல், சொந்த டேங்கில் 15 லிட்டர் இடம் வந்தவுடனேயே ஊற்றிவிடுகிறேன். எடை நடுவுக்கு வந்துவிடும். ஊற்றுவதில் ஏதாவது கோளாறு என்றாலும் திரும்பிவரப் பெட்ரோல் இருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் ஆயில் டேங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் கூடினால் ஆயிலும் அதே கணக்கில் தீரும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு நண்பன், "சரி, வாங்கலாமா?" என்றான். அதற்கு முந்தின நாள்தான் மறுபடி மணிக்கட்டில் கொட்டிக்கொண்டிருந்தேன். "வாங்காதே" என்றேன்.

"அப்போ உன்னுடையதைக் கொடுத்துவிடு, நான் வைத்துக்கொள்கிறேன்."

தர முடியாது என்றேன். சனிக்கிழமை எனக்கு வேண்டும்.