ஒரே டேபிளா, தனித்தனியா, தாயும் பிள்ளையுமா: ஈஈஆர் வரைபடம் டேபிளாகும் இடம்

ஒரு மருத்துவமனை மென்பொருளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். மருத்துவர்கள் டேபிளில் ஒருவர் இருந்தார். நோயாளிகள் டேபிளிலும் அவரே இருந்தார். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒன்றுதான், தொலைபேசி எண் மட்டும் வேறு. அவர் எண் மாற்றியபோது ஊழியர் பிரிவில் திருத்தியிருக்கிறார்கள். பரிசோதனை முடிவுகளோ பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தன. மருத்துவருக்கும் காய்ச்சல் வரும் என்பது டேபிள் போட்டவருக்குத் தோன்றவில்லை. எதற்கும் எதற்கும் என்ன தொடர்பு என்று காட்டும் தரவு வரைபடத்தை டேபிளாக மாற்றிய அன்றே உட்கார்ந்துவிட்ட பிழை இது. நிரலில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

1976இல் பீட்டர் சென் வெளியிட்ட ஈஆர் (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) என்ற தரவு மாதிரியில் என்டிட்டி (நபர் போல நாம் பதிவு செய்யும் ஒன்று), உறவு, பண்பு மூன்றும்தான் பிரதானம். ‘மருத்துவர் என்பவரும் ஒரு நபர்தான்’ என்று சொல்ல அதில் தனிக் குறியீடு இல்லை. அடுத்த ஆண்டே ஜான் ஸ்மித்தும் டயான் ஸ்மித்தும் பொதுமைப்படுத்தல், அதாவது பல வகைகளுக்குப் பொதுவானதை ஒரு மேல் வகையாக எடுப்பது, என்ற கருத்தைத் தரவுத்தள வடிவமைப்புக்குள் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஈஈஆர், அதாவது விரிவாக்கப்பட்ட ஈஆர், தாய் வகையையும் (நபர்) பிள்ளை வகைகளையும் (மருத்துவர், நோயாளி) ஒரு வட்டத்தின் வழியாக இணைத்து வரைய வழி தந்தது. வட்டத்துக்குள் ‘டி’ இருந்தால் ஒருவர் ஒரே ஒரு பிள்ளை வகையில்தான் இருக்கலாம். ‘ஓ’ இருந்தால் பலவற்றில் இருக்கலாம். தாயிலிருந்து வட்டத்துக்கு இரட்டைக் கோடு போட்டால் எல்லோரும் ஏதாவது ஒரு பிள்ளை வகையில் இருந்தே ஆக வேண்டும். ஒற்றைக் கோடு என்றால் எதிலும் சேராதவரும் இருக்கலாம்.

டேபிளும், வரிசைகளை அடையாளம் காட்டும் கீயும் மட்டுமே தெரிந்த ரிலேஷனல் தரவுத்தளத்துக்கு இந்த வட்டம் புரியாது. ஆகவே அதை மூன்று விதமாக மாற்றுகிறார்கள்.

அந்த மருத்துவமனையில் செய்திருந்தது, தாய் டேபிளே இல்லாமல் பிள்ளைகளுக்கு மட்டும் தனித்தனி டேபிள். பார்க்க எளிமை, மருத்துவர் விவரம் வேண்டுமென்றால் ஜாயின் (இரண்டு டேபிளை இணைத்துப் படிப்பது) தேவையில்லை. ஆனால் ஒற்றைக் கோடு இருந்தால் எந்தப் பிள்ளை வகையிலும் சேராதவரை வைக்க இடமே கிடையாது. ‘ஓ’ இருந்தால் ஒரே ஆளின் விவரம் இரண்டு இடத்தில் நகலாகும். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: ‘அவசரத் தொடர்பு’ என்று ஒரு டேபிள் போட்டு அதில் நபரைச் சுட்ட நினைத்தால், எந்த டேபிளுக்கு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் கீ) வைப்பது? நபர் என்ற டேபிளே இல்லையே. வரைபடத்தில் டியும் இரட்டைக் கோடும் இருந்து, தாயை வேறு எதுவும் சுட்டாத இடத்தில் மட்டும் இந்த வழியை ஒப்புக்கொள்வேன்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போடுவது. டி என்றால் ‘வகை’ என்று ஒரு நெடுவரிசை போதும். ஓ என்றால் பிள்ளைக்கு ஒன்றாக ஆம்/இல்லை நெடுவரிசைகள் வைக்க வேண்டும். இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்வது, நல் (காலி மதிப்பு) நிறைந்து இடம் வீணாகும் என்பது. அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு வலுவானதல்ல. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் நல் இருக்கும் வரிசைக்கு, நெடுவரிசைக்கு ஒரு பிட் என்ற கணக்கில்தான் செலவு. உண்மையான நஷ்டம், ‘மருத்துவருக்குப் பதிவு எண் கட்டாயம்’ என்பதை நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) போட்டுச் சொல்ல முடியாமல் போவது. நோயாளிக்கு அது நல்லாகத்தானே இருக்க வேண்டும்? அப்போது செக் கட்டுப்பாடு (வரிசை இந்த நிபந்தனைக்கு உட்பட வேண்டும் என்ற விதி) எழுத வேண்டும். எழுதினாலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் செக்கை வாங்கிக்கொண்டு, பிழையும் காட்டாமல், அமல்படுத்தாமல் விட்டுவிடும். பழைய சர்வரில் செக் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள். பிள்ளை வகைகளுக்குச் சொந்தப் பண்புகள் இரண்டு மூன்றுதான் என்றால் இந்த வழியே எனக்குப் போதும்.

மூன்றாவது, தாய்க்கு ஒரு டேபிள், பிள்ளைக்கு ஒவ்வொன்று. பிள்ளையின் பிரைமரி கீயே (ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி அடையாளம்) தாயைச் சுட்டும் ஃபாரின் கீ. டி, ஓ, ஒற்றை, இரட்டை எதுவானாலும் இதில் வைக்கலாம். காய்ச்சலோடு வந்த மருத்துவருக்கு நபர் டேபிளில் ஒரு வரிசை, மருத்துவரில் ஒன்று, நோயாளியில் ஒன்று. தொலைபேசி எண் ஒரே இடத்தில். ஜாயின் மெதுவாகும் என்று பயப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் பிரைமரி கீயில் நடக்கும் ஜாயின் இது. ஒரு ஆளின் பக்கத்தைத் திறப்பதற்கு அது பொருட்டே அல்ல. பெரிய அறிக்கைகளில் செலவு தெரியும். அளந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம்.

டி என்ற கட்டுப்பாட்டை மட்டும் இந்த வழி தானாகக் காப்பாற்றாது. அதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு. கட்டணம் என்பது தாய், கார்டும் காசோலையும் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். தாயில் ஐடியும் வகையும் சேர்ந்த ஜோடிக்கு யுனீக் (இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) போடுங்கள். பிள்ளையிலும் வகை நெடுவரிசையை வைத்து, ஜோடியாகவே ஃபாரின் கீ கொடுங்கள். காசோலை டேபிளில் வகை ‘காசோலை’ மட்டுமே என்று செக்கும், வகைக்கு நாட் நல்லும் போடுங்கள். இப்போது 5012 என்ற கட்டணம் தாயில் ‘கார்டு’ என்று இருக்கிறது. அதைக் காசோலை டேபிளில் ‘காசோலை’ என்று நுழைத்தால் அப்படி ஒரு ஜோடி தாயில் இல்லை என்று ஃபாரின் கீ தடுக்கும். ‘கார்டு’ என்றே நுழைத்தால் செக் தடுக்கும். ட்ரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) ஒரு வரிகூடத் தேவையில்லை. இரட்டைக் கோட்டுக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை. தாயில் வரிசை விழுந்து பிள்ளையில் விழாமல் போவதைத் தடுக்கப் பெரும்பாலும் ட்ரிகரோ, இரண்டையும், முழுதாக நடக்கும் அல்லது நடக்காமலே போகும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதும் ஒழுக்கமோ வேண்டும்.

ஒரு டேபிளை இன்னொன்றின் வாரிசாக உருவாக்கும் வசதியான போஸ்ட்கிரஸின் டேபிள் இன்ஹெரிட்டன்ஸைப் பார்த்து, இதற்காகவே செய்ததுபோல இருக்கிறதே என்று சிலர் இறங்குகிறார்கள். ஆனால் தாயில் போட்ட யுனீக்கும் ஃபாரின் கீயும் பிள்ளை டேபிள்களுக்குப் போகாது. நமக்கு வேண்டியதே அவைதானே?

பல குழுக்களில் இந்தத் தீர்மானத்தை யாருமே எடுப்பதில்லை, நிரலையும் டேபிளையும் இணைக்கும் கருவி எடுத்துவிடுகிறது. ஜாவாவின் ஜேபிஏவில் எதையும் குறிப்பிடாமல் விட்டால் ஒரே டேபிள். பைத்தானின் ஜாங்கோவில் ஒரு சாதாரண மாடலிலிருந்து (டேபிளைக் குறிக்கும் நிரல் வகுப்பு) இன்னொன்றை எடுத்தால் தாயும் பிள்ளையும். வட்டத்துக்குள் இருக்கும் எழுத்தை இரண்டுமே கேட்பதில்லை.

அந்த மருத்துவமனைத் தரவை மூன்றாவது வழிக்கு மாற்றினோம். நபர் டேபிள் உருவாக்க அதிக நேரம் ஆகவில்லை. இரட்டையாக இருந்தவர்களை ஒன்றாக்கத்தான் நாட்கள் பிடித்தன. எந்த எண் சரி, எந்த முகவரி சரி என்று தரவுத்தளத்திடம் கேட்கும் எந்தக் குவெரியாலும் சொல்ல முடியவில்லை. பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டோம்.