பீனாலுக்கு எது: பல்லேடியமா, பெராக்சைடா?

பென்சீன் போன்ற வளையத்தில் OH தொகுதி ஒட்டிய சேர்மம்தான் பீனால்; அதைத் தயாரிக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம். ஆரைல் புரோமைடை (அதே வளையத்தில் புரோமின் ஒட்டிய சேர்மம்) பல்லேடியம் வினையூக்கி, பாஸ்பீன் ஈனி (பல்லேடியத்தோடு பிணையும் பாஸ்பரஸ் சேர்மம்), பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சூடாக்கினால் பீனால் வரும். புரோமைடு பொதுவாக மலிவு. ஆனால் மருந்துப் பொருளென்றால் மிச்சமிருக்கும் பல்லேடியத்தை நீக்கியாக வேண்டும். வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் சர்வதேச வழிகாட்டுதல் தரும் வரம்பு.

ஆரைல் போரானிக் அமிலத்தில் (வளையத்தில் போரான் தொகுதி ஒட்டிய சேர்மம்) ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பதென்றால் உலோகமே வேண்டாம். பெராக்சைடு போரானில் ஒட்டிக்கொள்ளும். ஆரைல் தொகுதி, அதாவது அந்த வளையம், போரானை விட்டுப் பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவும். அப்புறம் நீராற்பகுப்பில் பீனாலும் போரிக் அமிலமும் பிரியும். பெரும்பாலும் அறை வெப்பநிலையே போதும். மூலக்கூறில் சல்ஃபைடு தொகுதி இருந்தால் கவனம், அதுவும் ஆக்சிஜனேற்றமடையலாம்.

ஆய்வகத்தின் சிறு அளவுக்கு என் ஓட்டு பெராக்சைடுக்கே. சரி, அந்தப் போரானிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? பல சமயம் மக்னீசியம், லித்தியம் அல்லது அதே பல்லேடியத்தின் தயவில்தான்.