வலி ஆரம்பித்ததும் நடப்பதா, படுப்பதா?

இடுப்புவலி விட்டுவிட்டு வர ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நட, நட, அப்பதான் சீக்கிரம் பிறக்கும்." அதில் உண்மை உண்டு. நிமிர்ந்து நடக்கும்போது குழந்தையின் தலை இறங்கிக் கருப்பை வாயை அழுத்துகிறது. வலி வரும் நேரம் சுவரையோ கணவர் தோளையோ பிடித்துச் சாய்ந்து, மெதுவாக மூச்சுவிட்டால் தாங்கவும் முடிகிறது.

ஆனால் தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரையுள்ள இந்தக் கட்டம் ஒரு நாள்கூட நீளலாம். ராத்திரி 2 மணிக்கே மொட்டை மாடியில் நடக்கத் தொடங்கிய பெண், முக்க வேண்டிய நேரத்தில் துவண்டுபோவாள். அதனால் இரவில் என் ஓட்டு ஓய்வுக்கே. இடுப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் உடம்பு தேறும். பொய்வலி என்றால் பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும். மல்லாந்து மட்டும் படுக்க வேண்டாம். பெரிய ரத்தக்குழாய் அழுந்தும்.

பகலில் வந்தால்? சரி, நடங்கள். அரை மணி நேரம் நடந்து, அப்புறம் உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்து, மறுபடியும்.

இரண்டுமே, வீட்டில் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னவர்களுக்குத்தான். 5 நிமிடத்துக்கு ஒரு முறை வலி வந்து ஒரு நிமிடம் நீடித்தால் கிளம்பிவிடுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் முடியாவிட்டாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ காத்திருக்கவே வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.