மார்ஜினா, பேடிங்கா, கேப்பா?

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 20 பிக்சல் இடம் விட, வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் மார்ஜின், பேடிங், கேப் என மூன்று வழிகள் உண்டு. வெள்ளைப் பக்கத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்னணி நிறம் கொடுத்ததும் வேஷம் கலைந்துவிடும். பேடிங் பார்டருக்கு, அதாவது பெட்டியின் எல்லைக்கோட்டுக்கு, உள்ளே இருப்பதால் நிறம் அதன்மேலும் பரவும். மார்ஜின் வெளியே இருப்பதால் அதில் நிறம் ஏறாது. கேப் பெட்டிகளுக்கு நடுவே மட்டும் விழும்.

பேடிங்கோடு பெரிய சண்டை இல்லை. பொத்தானுக்கு அதைக் கூட்டினால் விரல் படும் பரப்பும் கூடும். 'சென்ட்' என்ற சொல்லுக்கு அளந்து 80 பிக்சல் அகலம் வைத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. அகலத்தை எடுத்துவிட்டு இருபுறமும் 16 பிக்சல் பேடிங் கொடுங்கள். சொல்லோடு சேர்ந்து பொத்தானும் நீளும். அகலம் 100 சதவீதம் இருக்கும் பெட்டிக்கு மட்டும் பேடிங்கும் அகலத்துக்குள்ளேயே அடங்கும்படி பாக்ஸ்-சைசிங்கை பார்டர்-பாக்ஸ் என்று மாற்ற மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஓரம் துருத்தும்.

மார்ஜின்தான் ஆளைச் சுற்றவிடும். மேல் பெட்டிக்குக் கீழே 20, கீழ்ப் பெட்டிக்கு மேலே 30 கொடுத்தால் 50 வர வேண்டும் அல்லவா? 30தான் வரும். செங்குத்தாக ஒட்டும் மார்ஜின்கள் ஒன்றில் ஒன்று கரைந்து பெரியது மட்டும் மிஞ்சும். பக்கவாட்டில் இது கிடையாது. ஃப்ளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகளில் தாய்ப்பெட்டிக்குள் இருக்கும் பிள்ளைப் பெட்டிகளுக்கு நடுவிலும் கிடையாது. இன்னொரு கூத்து, தாய்ப்பெட்டிக்குப் பேடிங்கோ பார்டரோ இல்லாதபோது முதல் பிள்ளையின் மேல் மார்ஜின் தாயைத் தாண்டி வெளியே போய்விடுவது. ஒருமுறை தலைப்பைச் சற்றே இறக்கப் போய், நிறத்தோடு பெட்டியே மொத்தமாக இறங்கி நின்றது. அன்று ஒரு மணி நேரம் போயிற்று.

அட்டைகளை வரிசையாக அடுக்க முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் வலது மார்ஜின் கொடுத்து, கடைசி அட்டைக்கு மட்டும் பூஜ்யம் போடுவோம். அட்டைகள் மடங்கி அடுத்த வரிக்குப் போனதும் அந்தக் கணக்கு கந்தலாகும். கேப் ஓரங்களில் விழாது என்பதால் இந்தத் தலைவலி இல்லை. ஃப்ளெக்ஸில் அது ஃபயர்பாக்ஸுக்கு 2018இலும் குரோமுக்கு 2020இலும் வந்தது. சஃபாரி 2021 வரை காக்கவைத்தது. பழைய பாடங்களில் மார்ஜினே நிறைந்திருப்பது அதனால்தான். கேப்பின் குறை, எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருப்பது. மெனுவில் லாகின் பொத்தானை மட்டும் வலது ஓரத்துக்குத் தள்ள வேண்டுமா? அதற்கு இடது மார்ஜின் ஆட்டோ, மிச்ச இடம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

என் வழக்கம், பெட்டிக்குள் பேடிங், பெட்டிகளுக்கு நடுவே கேப். மார்ஜினைத் தானே சுமக்கும் அட்டையை வேறு பக்கத்தில் போட்டால் அங்கேயும் வேண்டாத இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நீண்ட கட்டுரைக்கு மார்ஜின்தான். பத்திக்குக் கீழே 16, துணைத்தலைப்புக்கு மேலே 40 என்றால் இரண்டும் கரைந்து சரியாக 40 நிற்கும். அங்கே கேப் போட்டால் துணைத்தலைப்புக்கு மேலும் கீழும் ஒரே இடைவெளி விழுந்து, அது எந்தப் பத்திக்கு உரியது என்று தெரியாமல் நடுவில் மிதக்கும்.