உள்ளூர்க் காப்புறுதி நாயோடு விமானம் ஏறாது: சுங்கை சிப்புட் முதல் மெல்பர்ன் வரை

வீட்டு நாய்க்குப் பல ஆண்டுகளாகக் காப்புறுதி கட்டிவந்தவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காப்புறுதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நாய் நாட்டை விட்டுப் புறப்படும் நாளில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனியாகவும், போய்ச் சேர்ந்த நாட்டில் தனியாகவும் காப்புறுதி எடுக்க வேண்டும்.

எங்கள் மணி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். மோட்டார் சைக்கிள் மோதிக் கால் முறிந்தபோது, ஈப்போவில் நடந்த அறுவைச் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை நிறுவனம் தகராறில்லாமல் கொடுத்தது. தோல் அரிப்புக்கு விண்ணப்பித்தபோதோ கதை வேறாயிற்று. காப்புறுதி தொடங்குவதற்கு முன்பே கிளினிக் அட்டையில் மருத்துவர் "காது அடிக்கடி சொறிகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைக் காட்டி, ஏற்கெனவே இருந்த நோய் என்று கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். காதுக்கும் வயிற்றுத் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பயனில்லை.

மகள் மெல்பர்னில் குடியேறி மணியையும் அழைத்துக்கொள்ள விரும்பியபோது முகவரைக் கேட்டேன். "ஐயா, நம்ம பாலிசி மலேசியாவுக்குள்ள மட்டும்தான்" என்றார்.

ஆஸ்திரேலியாவின் விதிகள் கடுமையானவை. மைக்ரோசிப் பொருத்தி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, இரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 அனைத்துலக அலகு இருப்பதைப் பரிசோதனையில் நிரூபிக்க வேண்டும். மாதிரி ஆய்வகத்தை அடைந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவிலிருந்து போகும் நாய்க்கு நிப்பா வைரஸ் தொடர்பான தனி நிபந்தனையும் உண்டு. 1998-இல் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய அந்தத் தொற்று, பன்றியைக் கண்ணால் பார்த்திராத எங்கள் நாயின் காகிதங்களிலும் வந்து நின்றது.

தோட்டப்புறத்து நாய்க்கு உண்மையான கண்டம் உண்ணிக் காய்ச்சல்தான். அதை உண்டாக்கும் எர்லிக்கியா கேனிஸ் கிருமிக்கான பரிசோதனையில் தொற்று இல்லை என்று வராத நாய்க்கு அனுமதி கிடையாது. மழைக்குப் பிறகு மணியின் விரலிடுக்கில் தட்டைப்பயறு பருமனில் உண்ணிகள் ஒட்டியிருக்கும். இடுக்கியால் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவது எங்கள் மாலை வேலை. ஆஸ்திரேலியா கேட்பது தோலில் பட்டதும் உண்ணியைக் கொல்லும் மருந்து. வாய்வழி மாத்திரை அந்தக் கணக்கில் சேராது. இந்த மருந்து, பரிசோதனை, மெல்பர்னுக்கு அருகிலுள்ள மிக்கில்ஹாம் அரசு நிலையத்தில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தல் ஆகிய எதற்கும் எங்கள் உள்ளூர்க் காப்புறுதியும் சரி, பயணத்துக்கென்று எடுத்த காப்புறுதியும் சரி, ஒரு சென் கொடுக்கவில்லை. பரிசோதனையில் தோற்றுப் பயணமே நின்றுபோயிருந்தாலும் அவை கைகொடுத்திருக்கா.

அப்படியானால் பயணக் காப்புறுதி எதற்கு? விமானத்தில் நேரும் மரணம், காயம், அவசரச் சிகிச்சை ஆகியவற்றுக்கு. ஆஸ்திரேலியாவுக்கு நாய் சரக்காகத்தான் போகிறது. மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி, மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாத சரக்குக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது: கிலோவுக்கு 22 எஸ்டிஆர் என்றிருந்த உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆனது. எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. ஆக, இரும்புச் சாமானுக்கும் மணிக்கும் ஒரே தராசு. இதைப் படித்த பிறகுதான் பயணக் காப்புறுதிக்குப் பணம் கட்ட மனம் வந்தது. அதில் மயக்க மருந்து கொடுத்து ஏற்றிய நாய்க்கு இழப்பீடு இல்லை என்ற விதி இருக்கிறது. நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

மணி நலமாகப் போய்ச் சேர்ந்தது. பயணக் காப்புறுதியில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மெல்பர்னில் மகள் எடுத்த புதிய காப்புறுதிக்காக ஈப்போ கிளினிக்கின் பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கினார்கள். அதே காது வரி அங்கேயும் போய்ச் சேர்ந்து, தோல் நோய்கள் விலக்கப்பட்டன. அங்குள்ள இரவுநேர அவசர மருத்துவமனையின் கட்டணத்தைப் பார்த்த மகள், விலக்கு இருந்தாலும் பரவாயில்லை என்று கையெழுத்திட்டாள். இங்கிருந்த காப்புறுதியை நான் ரத்து செய்தேன். மீதிக் காலத்துக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.