தொலைவிலிருந்து ரவுட்டர் பராமரிப்பு: வின்பாக்ஸ் பற்றிய என் மதிப்பீடு

கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போய் ஒரு ரவுட்டரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் அன்றைய வேலைநாள் முடிந்துவிடும். அங்குள்ள ஒரு பயிற்சி மையத்துக்கும், கிருஷ்ணகிரி நகரைச் சுற்றியுள்ள சில மாங்கூழ் ஆலைகளுக்கும் இணைய இணைப்பைப் பராமரித்து வருகிறேன். ஆகவே ரவுட்டருக்கான எந்த மென்பொருளானாலும், அது எனக்கு எத்தனை பயணங்களை மிச்சப்படுத்துகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். லாத்வியாவைச் சேர்ந்த மைக்ரோடிக் நிறுவனம் தன் ரவுட்டர்களின் அமைப்புகளைக் கணினியிலிருந்தே பார்க்கவும் மாற்றவும் இலவசமாகத் தரும் மென்பொருளான வின்பாக்ஸ் அந்த வகையில் எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது.

இதில் நான் மிகவும் மதிப்பது ‘சேஃப் மோட்’ என்ற பொத்தானைத்தான். அதை அழுத்திவிட்டு மாற்றங்களைச் செய்யும்போது இணைப்பு அறுந்துபோனால், அதுவரை செய்த மாற்றங்கள் அனைத்தையும் ரவுட்டர் சில நிமிடங்களில் தானாகவே விலக்கிக்கொள்கிறது. அஞ்செட்டி ரவுட்டரின் ஃபயர்வாலில் (எந்தத் தரவை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பில்), அனுமதிக்கும் விதிக்கு மேலே தடுக்கும் விதியை ஒருமுறை தவறுதலாக வைத்துவிட்டேன்; திரை உடனே உறைந்தது. சேஃப் மோட் இயக்கத்தில் இருந்ததால், காத்திருந்து மீண்டும் உள்ளே நுழைய முடிந்தது. மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கவில்லை. ஆனால் ரவுட்டரின் நினைவில் கடைசி 100 செயல்கள் மட்டுமே நிற்கும். அதைத் தாண்டினால் சேஃப் மோட் தானே விலகிவிடும், அதன்பின் மாற்றங்களும் தானாக விலக்கப்படாது. ஆகவே சில மாற்றங்களுக்கு ஒருமுறை சேஃப் மோடிலிருந்து வெளியே வந்து மீண்டும் அதை இயக்குவது அவசியம்.

ஃபயர்வால் விதிகள் மேலிருந்து கீழாகப் பரிசோதிக்கப்படுவதால் வரிசைதான் அங்கே எல்லாம். வின்பாக்ஸில் விதியைச் சுட்டியால் இழுத்து உரிய இடத்தில் விடலாம். எந்த விதியில் எத்தனை பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சிக்குகின்றன என்பதும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாம்பழப் பருவத்தில் ஓர் ஆலை அலுவலகத்தில் இணையம் மிகவும் மந்தமாக இருப்பதாகச் சொன்னபோது, ‘டார்ச்’ சாளரத்தைத் திறந்து எந்த முகவரி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவியே பதிவேற்ற வேகம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ‘சிம்பிள் க்யூ’ மூலம் ஒரு வேக வரம்பு வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

ஐபி முகவரியே (வலையமைப்பில் கருவிக்குத் தரப்படும் எண் முகவரி) இல்லாத ரவுட்டரும், ஒரே கேபிள் வலையில் இருந்தால், ‘நெய்பர்ஸ்’ பட்டியலில் தெரியும். கருவியின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியைச் சொடுக்கி உள்ளே போகலாம். இந்த இணைப்பை முழுமையாக நம்ப முடியாது என்பதால், ஐபியைச் சரிசெய்யும் வரை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பாதுகாப்பில் சிறிதும் அலட்சியம் கூடாது. வின்பாக்ஸ் ரவுட்டருடன் 8291 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (தகவல் தொடர்புக்கான வாயிலில்) பேசுகிறது. அந்தச் சேவையில் இருந்த ஓட்டையின் வழியே கடவுச்சொல் இல்லாமலேயே பயனர் விவரக் கோப்பைப் படிக்க முடிந்தது என்பது 2018-இல் தெரியவந்து, மைக்ரோடிக் ரவுட்டர்களின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 6.42.1 பதிப்பில் அடைக்கப்பட்டது. புதுப்பிக்கப்படாத ரவுட்டர்கள் ஏராளமாகத் தாக்குதலுக்கு ஆளாயின. அந்தப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காமல், வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாகவே நான் நுழைகிறேன்.

புதியவர்களுக்கு இது எளிதன்று. ரவுட்டரின் உள்ளமைப்பு முழுவதையும் அப்படியே காட்டுகிறதே தவிர, எதையும் விளக்குவதில்லை. வலையமைப்பு அடிப்படை தெரியாதவர் பட்டிகளின் நீளத்தைக் கண்டே திகைத்துவிடுவார். முன்பு லினக்ஸில், விண்டோஸ் மென்பொருள்களை இயக்க உதவும் ஒயின் என்ற கருவியின் துணையுடன்தான் ஓடியது. நான்காம் பதிப்பு லினக்ஸிலும் ஆப்பிளின் மேக் கணினிகளிலும் நேரடியாகவே இயங்குகிறது.

ஒரே அமைப்பைப் பல ரவுட்டர்களில் ஏற்றுவதற்குச் சுட்டி பொருத்தமான கருவியன்று. அதற்கு வின்பாக்ஸுக்குள்ளேயே உள்ள டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையைக் கொடுத்து உரைக்கோப்பாக எடுத்துக்கொள்கிறேன். ஆலைகள் முழுவீச்சில் ஓடத் தொடங்குவதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எல்லா ரவுட்டர்களுக்கும் இப்படி ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். பயனர்களின் கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் வருவதில்லை; அவற்றைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.